ஏறி இறங்கிய பிறகு

அத்தியாயம் 11

போடிமெட்டிலிருந்து கிளம்பிய ஜீப்பின் முன்சீட்டில் பொன்னுமணியை உட்காரவைத்துவிட்டுப் போன வாரம் நாம் விடைபெற்றோம். ஜீப்பு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பின்னால், ஏலக்காய் எடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும் பெண்களுக்கும் அவர்களுடைய தூக்குச்சட்டிகளுக்கும் நடுவே, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தொற்றிக்கொண்டு வருகிறான் அவள் புருஷன் சுருளிவேல். முகமெல்லாம் சிரிப்பு. பெண் பார்க்கப் போகிறவனுக்குக்கூட அவ்வளவு சிரிப்பு வராது.

காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பொன்னுமணி பாஸாகிவிடுவாள். அப்படித்தான் அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

ஆடி மாதம் நடந்ததை மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பொன்னுமணிக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. அது போகிற போக்கில் இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே என்று மாமியார் குருவம்மாள் வைத்தியம் பார்க்க அழைத்துப் போன இடத்தில்தான் தெரிந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து போடிக்கு வந்துபோகும் இருதய டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் படுக்கவைத்து நெஞ்சைக் கேட்டார். கோளாறு லேசாகத்தான் இருக்கிறது என்றார்.

"சும்மா படுத்துக் கிடக்கறப்ப எந்த இருதயமும் நல்ல பேருதான் வாங்கும். அதுக்கு வேலை கொடுத்துப் பாக்கணும்" என்று மூலையில் கிடந்த மரப்படியைக் காட்டினார்.

இந்தப் பக்கம் இரண்டு படி, அந்தப் பக்கம் இரண்டு படி. எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத படி. அதில் ஏறி இறங்கி, திரும்பி, மறுபடி ஏறி இறங்கி, பாதியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள் பொன்னுமணி. டாக்டர் நாடியைப் பார்த்தார். நெஞ்சை மறுபடியும் கேட்டார். "பரவாயில்லை. மாசாமாசம் இந்த ஊசியைப் போட்டுக்கிட்டு, மூணு ஊசி முடிஞ்சதும் வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா தாராளமாக் குழந்தை பெத்துக்கலாம். அதுவரைக்கும் பொறுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் சொன்னதில் சுருளிவேல் மனதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான். பாதியில் நின்றுவிட்டாள். அதாவது, பெயில்.

பெயிலானவளைப் பாஸாக்க என்ன செய்வது? பழக்க வேண்டியதுதான். மலைமேல் ஏலத்தோட்டத்துக்குத் திரும்பியதும் முதல் சோலியாக ஆசாரி சோலைமலையைப் பிடித்தான். க்ளினிக்கில் எல்லோரும் பொன்னுமணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் அந்தப் படியைச் சாண் போட்டு அளந்து வைத்திருந்தான். அதே உயரம், அதே அகலம். நல்ல காட்டுமரம். செய்து முடித்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் ஓரத்தில் கொண்டுவந்து போட்டான்.

காலையிலும் மாலையிலும் அவள் ஏறுவாள், இறங்குவாள். இவன் பக்கத்தில் நின்று கை தட்டுவான். உள்ளே காய் சூடேறி வாசம் கிளம்பிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்கினால் உட்காரவைத்து விசிறுவான். வேலைக்கு வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. எத்தனை பேர் பெண்டாட்டிக்காகப் படி செய்து போட்டிருக்கிறார்கள்?

பொன்னுமணியும் சளைக்கவில்லை. குழந்தை ஆசை அவனைவிட அவளுக்கு ஒரு பிடி அதிகம்.

குறுக்கே நின்றது ஊசிதான். முதல் ஊசி போட்டுவந்த அன்று இடுப்பு கட்டிப்போய் நொண்ட ஆரம்பித்தாள். படி ஏற முடியவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று. அடுத்த மாதம் காய் எடுப்பு மும்முரம்; ஜீப்பெல்லாம் மூட்டை லோடு, மருந்தகத்துக்குப் போக இடமில்லை. 'இம்புட்டு நல்லா ஏறிக்கிட்டு இருக்கா, இப்பப் போயி ஊசியப் போட்டு நொண்டவிடணுமா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டான். வேண்டாம் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். அதற்கடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில்.

புரட்டாசி மழையில் அவளுக்குத் தொண்டை கட்டியது. அது சரியான கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது. படி ஏறிய வலி என்று விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டான். வலி முழங்காலை விட்டுக் கணுக்காலுக்குப் போனது. கணுக்காலை விட்டு மணிக்கட்டுக்குப் போனது. படி ஏறுகிறவளுக்கு மணிக்கட்டு எதற்கு வலிக்க வேண்டும் என்று அவன் யோசிக்கவில்லை. அங்கேயும் எண்ணெய் தேய்த்தான்.

நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே.

•

முந்தல் சோதனைச்சாவடிக்கு மேலே ஒரு வளைவில், "அண்ணே, நிப்பாட்டுங்க" என்றாள் பொன்னுமணி.

டிரைவர் மொக்கையன் ஓரம் கட்டினான். அவள் இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். காலையில் குடித்த காப்பி அப்படியே வந்துவிட்டது. சுருளிவேல் பின்னாலிருந்து குதித்து ஓடிவந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன புள்ள, ஒனக்கு எப்ப இருந்து மலை ஏறி எறங்குனா கொமட்ட ஆரம்பிச்சுச்சு?"

"வெறும் வயித்துல காப்பி குடிச்சது மச்சான். போவோம், போங்க."

"பயமா இருக்கா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். சொல்லவந்த ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

"படியில நிக்காம ஏறிப்புடுவேன். அதுல பயமில்ல" என்றாள்.

"அப்பொறம் என்ன? பொழுது சாயறதுக்குள்ள நல்ல சேதியோட ராசிங்காபுரம் போயி ஆத்தா கையால கோழிக்கொழம்பு சாப்புடுறோம்."

ஜீப்பு நகர்ந்தது. கீழே போடியின் ஓட்டுக்கூரைகள் வெயிலில் தெளிந்து வந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி இன்னொருத்தியின் விலாவில் இடித்து ஏதோ சொன்னாள். இருவரும் பொன்னுமணியின் முதுகையே பார்த்தார்கள். சுருளிவேல் அதைக் கவனிக்கவில்லை.

•

க்ளினிக் வாசலில் குருவம்மாள் காத்திருந்தாள். முதல் பஸ்சிலேயே ராசிங்காபுரத்திலிருந்து வந்துவிட்டாள் போலிருக்கிறது. முந்தானை முடிச்சில் பரமசிவன் கோயில் திருநீறு. மருமகளைக் கண்டதும் முடிச்சை அவிழ்த்து நெற்றி நிறையப் பூசினாள்.

"இங்க பாரு ஆத்தா, மூச்சு வாங்குதுன்னு வாயத் தொறந்து சொல்லிப்புடாத. பல்லக் கடிச்சுக்கிட்டு ஏறிரு. இன்னைக்கு ஒரு நாளுதான்."

"சரி அத்தை."

"ஏன்டி மொகம் இப்பிடி வெளுத்துக் கெடக்கு? சாப்புட்டியா?"

"சாப்புட்டேன் அத்தை."

குருவம்மாள் கெட்டவள் இல்லை. ஒற்றை மகனைப் பெற்றவள். அந்த ஒற்றை மகனின் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்ற ஒரே கவலையில் கண்டபடி பேசிவிடுவாள். ஆவணியில் ஒரு நாள், மலைக்கு வந்திருந்தபோது, தேவாரத்தில் தன் தம்பி மகள் ராமுத்தாய் சமைந்து வீட்டோடு இருப்பதைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் பொன்னுமணி இருந்தாள். அன்றைக்கு மாலை வழக்கத்தைவிட அதிக நேரம் படி ஏறினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் நடுத்தர வயசுக்காரர். ஊரூராகப் போய் வந்த அலுப்பு கண்ணில் தெரியும், பேச்சில் தெரியாது. பொன்னுமணியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"வாங்கம்மா. போன தடவை பாதியில நின்னுட்டீங்க. இன்னைக்கு முடிஞ்ச வரைக்கும் ஏறுங்க. நெஞ்சு அடைச்சாலோ தலை சுத்துனாலோ சொல்லிரணும். என்ன?"

நர்ஸ் படியை நடுவில் இழுத்துப் போட்டாள். பொன்னுமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

ஏறினாள். இறங்கினாள். திரும்பினாள்.

சுருளிவேல் கதவருகே நின்றுகொண்டிருந்தான். ஸ்டோரில் கை தட்டிப் பழகிய கை. இங்கே தட்டக் கூடாதே என்று தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் கால் அந்தத் தாளத்துக்குச் சரியாக விழுந்தது. போன தடவை நின்றுபோன இடம் வந்தது. தாண்டிவிட்டாள். குருவம்மாள் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை.

"போதும்" என்றார் டாக்டர்.

நிற்கவே இல்லை! சுருளிவேலுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆத்தாளைப் பார்த்துக் கண்ணடித்தான். குருவம்மாள் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏறியதை அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"இடது பக்கமாச் சாஞ்சு படுங்க. பேசாதீங்க."

குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உட்காரவைத்து முதுகில் வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி படுக்கவைத்தார். விளக்கெண்ணெய் மாதிரி நேரம் நகர மறுத்தது. அவள் கழுத்து நரம்பு விம்மி விம்மி அடங்குவதைச் சுருளிவேல் அங்கிருந்தே பார்த்தான். ஸ்டோரில் இதைப் பார்த்த ஞாபகமே இல்லையே என்று நினைத்தான். அங்கே அவன் பார்த்ததெல்லாம் அவள் காலைத்தான்.

டாக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஊசியெல்லாம் தவறாமப் போட்டீங்களா?"

சுருளிவேல் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

"போட்டோம் சார்" என்றாள் பொன்னுமணி.

"எங்க?"

"மேலயே, எஸ்டேட்டு மருந்தகத்துல."

"மூணும்?"

"மூணும் போட்டேன்."

"நடுவுல காய்ச்சல் எதுவும் வந்துச்சா? மூட்டு வீங்குச்சா?"

"இல்ல சார்."

படுத்தபடியே சொன்னாள். கண் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுருளிவேலின் வாய் திறந்தபடியே இருந்தது. பக்கத்தில் ஆத்தா. எதிரே படித்த மனுஷன். நாலு வார்த்தை. 'ஒண்ணுதான் போட்டோம், காய்ச்சல் வந்துச்சு.' சொல்லியிருக்கலாம். என்னைக் காப்பாத்துறா என்று நினைத்தான், நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. நெகிழ்ந்த நேரத்தில் சொல்லவேண்டிய நேரம் கடந்துவிட்டது.

•

"உக்காருங்க" என்றார் டாக்டர். யாரும் உட்காரவில்லை.

"சார், நிக்காமத்தான ஏறுனா?" என்றான் சுருளிவேல். அவன் குரல் அவனுக்கே சின்னப் பையன் குரல் மாதிரிக் கேட்டது.

"ஏறுனாங்க. கால் நல்லாப் பழகியிருக்கு. நான் காலைப் பாக்கலை தம்பி. ஏறி இறங்கின பிறகு நெஞ்சு என்ன பண்ணுதுன்னு கேக்குறதுக்குத்தான் ஏறச் சொல்றது. பாதியில நின்னிருந்தாலும் எனக்குப் போதும். போன தடவை பாதியில நின்னப்ப அந்த நெஞ்சு நல்லா இருந்துச்சு."

சுருளிவேலுக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது சுவரைப் பிடித்துக்கொண்டான். போன தடவை அவள் பெயிலாகவே இல்லை.

"இப்போ?" என்றாள் குருவம்மாள்.

"வால்வுங்கிறது கதவு மாதிரிம்மா. அப்போ கொஞ்சம் ஒருக்களிச்சுத் திறந்துச்சு, அவ்வளவுதான். இப்போ திறக்கவும் மாட்டேங்குது, சரியாச் சாத்தவும் மாட்டேங்குது. ரத்தம் பின்னால கசியுற சத்தம் புதுசாக் கேக்குது. முதுகுல நுரையீரல் அடியில நீர் கோத்த சத்தமும் இருக்கு. இத்தனை நேரம் ஆகியும் நாடி அடங்கலை பாருங்க."

"அப்பிடின்னா, புள்ள?"

டாக்டர் குருவம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"வயித்துல குழந்தை இருந்தா உடம்புல ரத்தம் கூடும். இருதயத்துக்கு ராத்திரி பகலா வேலை. இந்தப் படியை மாசக்கணக்குல நிறுத்தாம ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி. நடுவுல போதும்னு நான் சொல்ல முடியாது. இந்த நெஞ்சு தாங்காது. குழந்தைப் பேச்சு வேண்டாம். உயிரோட விளையாடுற காரியம்."

நர்ஸ் படியை மூலைக்குத் தள்ளினாள்.

"எனக்குப் புரியாதது ஒண்ணுதான்" என்றார் டாக்டர், பொன்னுமணியைப் பார்த்து. "ஊசி போடாம விட்டு, காய்ச்சல் திரும்பி வந்திருந்தா இப்படி ஆகும். அப்படின்னா இன்னைக்கே மதுரைக்குக் கூட்டிப் போயி வார்டுல சேத்து, அந்தக் காய்ச்சலை அடக்கிருவேன். கொஞ்சமாவது பழைய நிலைமைக்கு வரலாம். நீங்க ஊசியும் போட்டேங்கறீங்க, காய்ச்சலும் இல்லேங்கறீங்க. அப்போ ஊசிக்குக் கட்டுப்படாத நோய்னுதான் நான் எடுத்துக்கணும். நீங்க சொல்றதை வச்சுத்தானேம்மா நான் முடிவெடுக்க முடியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாத்திரை எழுதித் தர்றேன். அடுத்த மாசம் வாங்க. படி, மேடு எதுவும் ஏறக் கூடாது. மலைக்கே போக வேண்டாம். நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். விட்டுப்போனது ஏதாவது ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க."

கடைசி வார்த்தையைச் சுருளிவேலைப் பார்த்துச் சொன்னார்.

•

வெளியே வந்ததும் குருவம்மாள் ஒப்பாரி வைக்கப் போகிறாள் என்று பயந்தான் சுருளிவேல். அவள் அழவில்லை. வாசல் வேப்பமரத்தடிக் கல்லில் மருமகளை உட்காரவைத்தாள். தன் முந்தானையால் அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள்.

"ஏத்தா, நான் பேசுனதெல்லாம் மனசுல வச்சுக்காத. புள்ளையும் வேணாம் ஒண்ணும் வேணாம். நீ கல்லாட்டம் இருந்தாப் போதும் எனக்கு."

"அத்தை..."

"ராமுத்தாய் பேச்ச நீ கேட்டன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். என் ஆங்காரம் அது. இனிமே எவளாச்சும் என் வீட்டு வாசல்ல வந்து தொட்டிலப் பத்திக் கேட்டா, நாக்க இழுத்துவச்சு அறுத்துப்புடுவேன்."

சொல்லி முடிக்கும்போதுதான் குரல் உடைந்தது. நாலு வருஷமாக இந்த வார்த்தைக்காகப் பொன்னுமணி காத்திருந்தாள். அது இன்றைக்கு வந்தது. அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். குருவம்மாளும் அழுதாள். போகிற வருகிறவர்கள் யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

"சுருளி, நீ இவளப் பைய கூட்டிக்கிட்டு பஸ்சுக்கு வா. நான் முன்ன போயி எடம் போட்டு வைக்கிறேன். வெரசா நடக்கவிட்டுறாத" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள் குருவம்மாள்.

இருவரும் மரத்தடியில் தனியே இருந்தார்கள். க்ளினிக் வாசலில் டாக்டரின் கார் நிழலில் நின்றது. டிரைவர் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஏன் புள்ள பொய் சொன்ன?" என்றான் சுருளிவேல்.

அவள் கீழே கிடந்த வேப்பிலை ஒன்றை எடுத்துக் கிள்ளினாள்.

"ஆத்தா முன்னாடி நான் தலை குனியக் கூடாதுன்னுதான? எனக்குத் தெரியும். எல்லாம் நான் பண்ணுன கோட்டி வேலை. ஊசிய நிப்பாட்டுனது நானு. காய்ச்சலோட ஒன்னயப் படியில ஏத்துனது நானு. அந்தப் படிய இன்னைக்கே ஒடச்சு அடுப்புல வைக்கிறேன். இப்பப் போயி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்புடுறேன். செருப்பக் கழட்டி அடிக்கட்டும். மதுரைக்குப் போவோம், வார்டுல சேருவோம். அடக்கிரலாம்னு அவரு வாயாலயே சொன்னாருல்ல?"

எழுந்துவிட்டான். அவள் அவன் வேட்டியைப் பிடித்தாள்.

"ஒங்களுக்காகச் சொல்லல மச்சான்."

"என்ன?"

"வார்டுல சேத்தா எல்லாச் சோதனையும் பண்ணுவாக. பண்ணுனாத் தெரிஞ்சுரும்."

"என்னத்தத் தெரிஞ்சுரும்?"

பொன்னுமணி தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் முழுகாம இருக்கேன்."

சுருளிவேல் நின்ற இடத்திலேயே நின்றான். வளைவில் வாந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. ஸ்டோரில் முதல்முதலாக நிற்காமல் அவள் ஏறி முடித்த அன்று இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. டாக்டர் பொறுக்கச் சொன்னது அன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அதுதான் பாஸாகிவிட்டாளே என்று நினைத்தான் அவன்.

இந்தச் செய்திக்காக எத்தனை நாள் காத்துக் கிடந்திருப்பான். கேட்டதும் எப்படிக் குதிப்போம், யார் யாருக்குச் சீனி கொடுப்போம் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தான். இப்போது அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். இவள் சாகப் போகிறாள்.

"கலைக்கச் சொல்லுவாக மச்சான்" என்றாள். "நான் மாட்டேன்."

"பொன்னு, அவரு சொன்னது காதுல விழுகலையா? உயிரு போயிரும்ங்கறாரு!"

"விழுந்துச்சு."

"ஆத்தாளே வேணாம்னு சொல்லிருச்சு. ஒன்னய யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக. அப்பொறம் யாருக்காக இது?"

"எனக்காக."

அவ்வளவுதான் சொன்னாள். அவனால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வேட்டியைப் பிடித்த கையை விலக்கினான். க்ளினிக்கை நோக்கி நடந்தான். அவள் வெறுக்கட்டும். காலம் முழுக்கப் பேசாமல் இருக்கட்டும். இருந்தால் போதும். இந்த ஒரு தடவையாவது வாயைத் திறந்துவிட வேண்டும்.

"மச்சான்!"

நடையை எட்டிப் போட்டான். திறந்திருந்த கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வரை இருப்பதாகச் சொன்னவர் ஏன் இப்போதே கிளம்புகிறார்? எதற்கோ அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. சுருளிவேல் ஓட ஆரம்பித்தான்.

பின்னால் இன்னொரு காலடிச் சத்தம்.

திரும்பிப் பார்த்தான். பொன்னுமணி ஓடிவந்துகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"ஓடாத! ஓடாத புள்ள, நில்லு!"

அவன் ஓரடி எடுத்துவைத்தால் அவள் ஓரடி எடுத்துவைத்தாள். அவன் நின்றால் நின்றாள். மறுபடி நகர்ந்தான், மறுபடி ஓடிவந்தாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது. ஸ்டோரில் எத்தனையோ நாள் கேட்ட சத்தம்தான். அப்போது அதைக் கேட்டுக் கை தட்டியிருக்கிறான்.

கூப்பிடு தூரத்தில் டாக்டர். கத்தினால் கேட்கும். கத்தினால் இவள் இன்னும் வேகமாக ஓடிவருவாள்.

சுருளிவேல் நின்றுவிட்டான். திரும்பி நடந்தான். அவளைத் தாங்கிப் பிடித்து அப்படியே தெருவோரத்தில் உட்காரவைத்தான். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து கண்ணோரம் வழிந்திருந்தது. அவன் உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. டாக்டர் குழாய் வைத்துக் கேட்டது இப்போது அவன் கைக்கே கேட்டது.

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டித் தேனி ரோட்டில் திரும்பியது. டாக்டர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வெகுநேரம் அவளால் பேச முடியவில்லை. அவன் சட்டைக் காலரைப் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. மூச்சு ஒரு மாதிரி ஓய்ந்து வந்ததும், அவன் காதை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மச்சான்... அந்தப் படிய ஒடச்சுறாதீங்க."

"பேசாத புள்ள. மூச்சு வாங்கு."

"அடுப்புல வச்சுறாதீங்க. நல்ல மரம். நம்ம புள்ள அதுல ஏறி எறங்கி வெளாடும்."